மலை இல்லாத ஊர்க்காரனோட ட்ரெக்கிங்

கூட இருக்கவனுங்க எல்லாம் வெள்ளியங்கிரி, கொடைக்கானல்னு ஏறி போட்டோவா போட்டுத் தள்ளுறானுங்க, நமக்கு ராமநாதபுரம், மலைக்கு எங்க போறது. ராமேஸ்வரத்துல கந்தமாதன பர்வதம்னு ஒண்ணு இருக்கு, பேருதான் பர்வதம், ஆளு மணல்மேடு. சரி ஏறத்தான் முடியாது, நடக்கவாச்சும் செய்வோம்னு போன பிப்ரவரில ஒருநாள் தனியா கிளம்பிட்டேன். கூட வேலை பாக்குற அண்ணனோட அத்தைக்கு தனுஷ்கோடி தாண்டி ஒரு ஓலைக்குடிசை இருக்கு, அதுவரைக்கும்.

முகுந்தராயர் சத்திரத்துல பஸ்ஸ விட்டு இறங்கினேன். அங்கேருந்து அரிச்சல்முனை 9.5 கிலோமீட்டர், 2017ல ரோடு திறந்ததுலேருந்து எல்லாரும் கார்ல சர்ருனு போயி செல்ஃபி எடுத்துட்டு திரும்பிர்றாங்க. நடக்கப்போறேன்னு சொன்னதுக்கு கண்டக்டர் ஒரு பார்வை பாத்தாரு பாருங்க.

ரோட்ட விட்டு தெக்க இறங்கி ஆண்கடல் ஓரமாவே போனேன், மன்னார் வளைகுடாவுக்கு எங்க பக்கம் அதான் பேரு. வடக்க இருக்க பாக் விரிகுடா பெண்கடல், சாதுன்னு பேரு, ஆனா வாடைக்காத்து நேரத்துல அதுதான் ஆடும், இது குளம் மாதிரி கெடக்கும், அன்னைக்கும் அப்படித்தான். அலை நனைச்ச மணல்ல நடந்தா கால் நிக்கிது, ரெண்டடி மேல ஏறினா கணுக்கால் வரைக்கும் பொதையுது, அடும்பங்கொடி வேற காலைச் சுத்துது. ஷூ போட்டுட்டுப் போனது முட்டாள்தனம். ஒரு லிட்டர் தண்ணிதான் எடுத்துட்டுப் போனேன், அது அதைவிட முட்டாள்தனம்.

பழைய சர்ச்சுக்கு வர்றப்பவே பாட்டில் காலி. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல ரயிலோட ஊரே போனதுக்கு மிச்சம் இது. நிழலுக்கு ஒதுங்கி சுவத்துல கைய வச்சா சொரசொரன்னு இருக்கு, அத்தனையும் பவளக்கல்லு, உத்துப் பாத்தா குட்டிக் குட்டி பூ மாதிரி ஓட்டை.

குடிசைக்குப் போய்ச் சேந்தப்ப நாக்கு ஒட்டிருச்சு. ஆத்தா வலை பொத்திக்கிட்டு இருந்துச்சு. "என்னப்பு, நடந்தா வந்த? கிறுக்கா ஒனக்கு?"ன்னு கேட்டுட்டு சிரட்டைய எடுத்துட்டு குடிசைக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போச்சு. முழங்கை ஆழம்கூட இருக்காது, மணல்ல ஒரு குழி, அடில கலங்கலா தண்ணி ஊறுது, அத மொண்டு வெளிய ஊத்திட்டு, தெளிஞ்சு வர்றத மட்டும் துணில வடிகட்டி நீட்டுச்சு. இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் கடல், நடுவுல உப்பே இல்லாத தண்ணி! மழைத்தண்ணி மணல்ல எறங்கி, கனமான உப்புத்தண்ணி மேல மெதந்துக்கிட்டு நிக்கிறதுதான் அது. நான் ஆர்வக்கோளாறுல இன்னும் தோண்டவான்னு குனிஞ்சேன், கையத் தட்டி விட்டுருச்சு.

"ஆழமாத் தோண்டுனா உப்பேறிரும்யா, அப்புறம் நாங்க எங்க போறது?"

மீன்கொழம்பும் சோறும் சாப்புட்டு அங்கேயே படுத்துத் தூங்கிட்டேன், அரிச்சல்முனைக்கு நடக்கவே இல்ல. சாயங்காலமானா போலீஸ் எல்லாரையும் கிளப்பி விட்டுருவாங்க. பஸ்ல உக்காந்து ஷூவக் கவுத்தேன், கொட்டுன மணலப் பாத்து காலைல பாத்த அதே கண்டக்டர் "எறங்குறப்ப கூட்டிட்டுப் போயிரு தம்பி"ன்னாரு.