லுவாவில் 0 பொய் இல்லை

நியோவிம் என்ற உரைத் திருத்தியின் 0.5 பதிப்பு வந்த 2021-இலிருந்து என் அமைப்புகளை எல்லாம் லுவா என்ற நிரல்மொழிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். முன்பு அமைப்புகளை எழுதிவந்த விம்ஸ்கிரிப்ட் மொழியின் பழைய ஃபங்ஷன்களை விட்டுவிட வேண்டியதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. லுவாவில் விம்.எஃப்என் (vim.fn) என்று எழுதி, புள்ளி வைத்து, எக்ஸ்பேண்ட், கெட்லைன், சிஸ்டம் என்று எதை வேண்டுமானாலும் கூப்பிடலாம், பட்டியலும் எண்ணும் சரமும் தானாகவே மாறி வந்துவிடும். பெயரில் # வரும் ஆட்டோலோட் (கூப்பிடும்போதுதான் ஏற்றப்படும்) ஃபங்ஷன் என்றால் மட்டும் புள்ளிக்குப் பதில் சதுர அடைப்புக்குள் மேற்கோளோடு பெயரைக் கொடுக்க வேண்டும்.

ஆனால் ஒரு கோப்பைப் படிக்க முடியுமா என்று சொல்லும் ஃபைல்ரீடபிள் என்னை ஒரு மாலை முழுக்க உட்கார வைத்துவிட்டது. கோப்பே இல்லாத இடத்திலும் இஃப் உள்ளே போய்க்கொண்டே இருந்தது! காரணம் எளிது: அது திருப்பித் தருவது 0 அல்லது 1, விம்ஸ்கிரிப்ட்டில் 0 பொய், லுவாவிலோ நில்லும் (nil, மதிப்பே இல்லை என்பது) ஃபால்ஸும் மட்டும்தான் பொய், 0 மெய். அதனால் == 1 என்று கட்டாயம் ஒப்பிட்டுப் பாருங்கள், ஹேஸ் ஃபங்ஷனுக்கும் இதே கதைதான்.

அப்புறம் இன்னொன்று, டைமர் மாதிரி லூப் கால்பேக்குக்குள் (பின்னணியில் ஒரு நிகழ்வு நடந்ததும் தானாக ஓடும் ஃபங்ஷனுக்குள்) இருந்து இந்த விம்.எஃப்என் ஃபங்ஷன்களை நேராகக் கூப்பிட்டால் ஈ5560 என்று பிழை வரலாம், அழைப்பைச் சற்றுத் தள்ளிப்போடும் விம்.ஷெட்யூலுக்குள் போட்டுவிட்டால் சரி.