ஸ்கேல் இல்லாமல் ஒரு நேர்கோடு

காம்பஸில் எங்கேயும் வட்டம் ஒளிந்திருப்பதில்லை. ஒரு முள், ஒரு பென்சில், நடுவில் மாறாத தூரம், அவ்வளவுதான். ஸ்கேல் அப்படியா? ஏற்கெனவே நேராக இருக்கிற ஒரு விளிம்பைத் தாளில் வைத்து நகல் எடுக்கிறோம். சரி, முதல் ஸ்கேலை எதை வைத்து நேராக்கினார்கள்? தச்சு ஆசாரியைக் கேட்டால் "நூலைக் கட்டி இழுங்க சார்" என்று முடித்துவிடுவார். ஆனால் கீல் போட்ட தண்டுகளை மட்டும் வைத்து ஒரு முனையை நேர்கோட்டில் ஓடவைப்பது பொறியாளர்களைப் பல காலம் படுத்தியெடுத்த விஷயம்.

ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினுக்காக 1784இல் மூன்று தண்டுகளை வைத்து அப்படி ஓர் அமைப்பைச் செய்தார். அதன் நடுப்பகுதி மட்டும்தான் கிட்டத்தட்ட நேர், முழுதாக ஓடவிட்டால் நீளமான எட்டு மாதிரி வளையும். எஞ்சினுக்கு அது போதும். தட்டையாக ஒரே தளத்தில் ஓடி, அச்சு அசலாக நேர்கோடு போடும் அமைப்பு 1864இல்தான் வந்தது. பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் போசெல்லியேவின் வேலை அது. பிற்பாடு லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் காற்றோட்ட எஞ்சின்களில்கூட அதைப் பொருத்தினார்கள்.

மொத்தம் ஏழு தண்டுகள். நாலு சமத் தண்டுகளில் ஒரு சாய்சதுரம். அதன் எதிரெதிர் மூலைகள் இரண்டிலிருந்து சமநீளமான இரு பெரிய தண்டுகள் வந்து அசையாத ஓர் ஆணியில் சேரும். மீதி இரண்டு மூலைகளில் ஆணிக்குப் பக்கத்தில் இருப்பதை, ஏழாவது குட்டைத் தண்டு தன் சொந்த ஆணியைச் சுற்றி வட்டமாக இழுக்கும். அந்த வட்டம் சரியாக முதல் ஆணியின் மேல் போகிற மாதிரி வைத்தால், எதிர்மூலை நேர்கோட்டில் ஓடும். முதல் ஆணியிலிருந்து அந்த இரண்டு மூலைகளுக்கும் உள்ள தூரங்களைப் பெருக்கினால் எப்போதும் ஒரே எண்தான் வரும். சூட்சுமம் அதில்தான் இருக்கிறது.

ஜியோஜீப்ரா என்கிற வடிவியல் மென்பொருளில் இதைக் கட்ட ஒரு மாலை போதும், வட்டங்களை வெட்டவிட்டுப் புள்ளிகளை எடுத்து, கடைசி மூலைக்கு டிரேஸ் (புள்ளி போன தடத்தைக் காட்டும் வசதி) போட்டுவிட்டு இழுக்க வேண்டியதுதான். அப்புறம் குட்டைத் தண்டின் ஆணியை ஒரு நூல் தள்ளி வையுங்கள், எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த இடம்: நேர்கோடு மெல்ல வளைந்து ஒரு பிரம்மாண்ட வட்டத்தின் துண்டாகிவிடும், மையம் திரைக்கு வெளியே எங்கேயோ இருக்கும். எந்தக் காம்பஸுக்கும் எட்டாத வட்டம் அது.

அட்டையில் செய்வதாக இருந்தால் சாய்சதுரத்தின் நாலு பட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே குத்தாகத் துளை போடுங்கள். துளை கொஞ்சம் தளர்ந்தாலும் கோடு நடுங்கும்; கணினியில் அந்தத் தொல்லை கிடையாது, அந்தச் சுவாரசியமும் கிடையாது.