தருமபுரியில் ஒரு கடல்

மார்ச் 9, ஞாயிறு

கார்த்திகையில் தரங்கம்பாடி போனபோது பென்சிலில் கிறுக்கிய நோட்டை இன்று எடுத்தேன். டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டிய கோட்டை பாதிப் பக்கத்துக்கு இருக்கிறது, ஆனால் எனக்கு வேண்டியது மழைக்கு முன்னால் வானமும் கடலும் ஒரே சாம்பலாகக் கிடந்த அந்தப் பத்து நிமிஷம்தான். ஓரத்தில் ‘கோடு தெரியல’ என்று எழுதியிருக்கிறேன்.

மதியம் அதை வாட்டர்கலரில் பிடிக்க உட்கார்ந்தேன். பேப்பரை நனைத்து வானத்துக்கு வாஷ், அதாவது தண்ணீர் நிறையக் கலந்த மெல்லிய பூச்சு, போட்டு, கடலுக்கு நீலம் கலந்து திரும்புவதற்குள் காய்ந்துவிட்டது. தொடுவானம் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி விழுந்தது. நம்ம ஊர்க் காற்றில் ஈரமே இல்லை.

மார்ச் 11

அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்த சாம்பல்தான் சரி. கறுப்பு சேர்த்தால் செத்துப்போகிறது. தண்ணீர் தாராளமாக இருந்தால் அல்ட்ராமரீன் மணல் மணலாகப் பேப்பர் குழிகளில் தங்குகிறது, தூரத்துத் தூறல் அப்படியே வந்துவிடுகிறது. ஆசையில், பாதி காய்ந்த இடத்தில் இன்னொரு சொட்டு வைத்தேன், தண்ணீர் பரவி விளிம்பில் காலிஃப்ளவர் மாதிரி கறை கட்டிக்கொண்டது. ஷீட் போச்சு.

ராத்திரி, அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1881, 82-ல் இங்கிலாந்தின் கல்லர்கோட்ஸ் என்ற மீனவ ஊரில் தங்கி வரைந்த வாட்டர்கலர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடையோடு கரையில் நிற்கும் பெண்கள், பின்னால் கனத்த வானம். அந்தப் பெண்கள் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை முகத்தைவிட வானம்தான் முதலில் சொல்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

விடியற்காலை ஐந்தரை, ஃபேனை நிறுத்திவிட்டேன். 300 ஜிஎஸ்எம் கனமான பேப்பரை இரண்டு பக்கமும் நன்றாக நனைத்து, கண்ணாடிப் பலகை மேல் ஒட்டினாற்போலப் போட்டேன். அடியில் ஈரம் நிற்பதால் கால் மணி நேரம் தாராளமாகக் கிடைத்தது. மேலிருந்து வானத்தை இறக்கி, கீழே கொஞ்சம் கெட்டியாகக் கடலை ஏற்றி, நடுவில் பிரஷ்ஷே வைக்காமல் பலகையை மட்டும் லேசாகச் சாய்த்தேன். இரண்டு சாம்பலும் தாமாகவே ஒன்றுக்குள் ஒன்று போயின. கோடு இல்லை!

காய்ந்த பிறகு, ஈரம் துடைத்த பிரஷ்ஷைப் படுக்கவைத்துக் கரைப்பக்கம் ஒரே இழுப்பு. பேப்பரின் மேடுகளில் மட்டும் கலர் பிடித்தது, பிடிக்காத வெள்ளையெல்லாம் நுரை.

அம்மா காபியோடு வந்து நின்று பார்த்துவிட்டு, “மாடியில துணி காயுதுப்பா, எடுத்துட்டு வந்துடட்டுமா?” என்றார்.

படகு இன்னும் வைக்கவில்லை. வைக்காமலே விடலாமா என்று பார்க்கிறேன்.