லாரி ஏறிய கல்லும் ஏறாத கல்லும்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் அலையைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களை அடுத்த முறை கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பாதிக் குழாய் மாதிரி நீளமாக ஒரு பள்ளம் ஓடினால், அது குவாரியில் கம்ப்ரசர் போட்ட துளை. அந்த உடைப்பு வெடி செய்தது. துரு நிறத்தில் தட்டையான முகம் இருந்தால், கல் பூமிக்குள் கிடந்தபோதே விட்ட விரிசலாக இருக்கும். தண்ணீர் இறங்கி இறங்கி ஏறிய இரும்புக் கறை அது. சில முகங்கள் வழவழவென்று இருக்கும், ஒரே போக்கில் சன்னமான கீறல்களோடு. பாறையின் இரு பக்கமும் ஒன்றையொன்று உரசி நகர்ந்த தடம். நகர்ந்ததும் கீறல் போகும் போக்கில்தான்.

சரி, அது வடக்கு தெற்கா, கிழக்கு மேற்கா? கல் சொல்லாது. லாரியில் ஏற்றும்போதே திசை போய்விட்டது.

அதனால், இருந்த இடத்திலேயே திசை மாறாமல் நிற்கும் பாறையைப் பார்க்க, நண்பரோடும் அவர் மாமாவோடும் திருவக்கரைக்கு வண்டியை விட்டோம். வக்கரகாளியம்மனுக்கு ஒரு கும்பிடு, கல்மரப் பூங்காவில் ஒரு சுற்று. அப்புறம் வேலை நின்றுபோன குவாரி ஒன்றின் விளிம்பு.

எதிர்ச்சுவரில் செங்குத்தாக, வரிசையாக விரிசல்கள். பாறை பிளக்கும்போது, அழுத்தம் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கமாகத்தான் வாய் விலகும். ஆக, விரிசலுக்குக் குறுக்கான திசையில்தான் அன்றைக்கு நெருக்கல் குறைவு. இன்னொரு வரிசை குறுக்கே வந்து இதில் முட்டி நின்றுவிடுகிறது. முட்டி நின்றதுதான் இளையது. ஏற்கெனவே பிளந்த இடத்தைத் தாண்ட அதற்கு வழியில்லை. ஒரு மூலையில் இரண்டு விரிசல்கள் கத்தரிபோல வெட்டிக்கொண்டன. இரண்டிலும் உரசல் தடம் இருந்து, ஒரே காலத்தவையாகவும் இருந்தால், நடுக்கோணம் ஏறத்தாழ 60 பாகை வரும். அதைச் சரிபாதியாக வெட்டும் கோடுதான் அதிகபட்ச அழுத்தம் வந்த திசை.

மாமா முன்பு குவாரியில் துளை போட்டவர். "விரிசல் பக்கத்துல ஓட்டை போட மாட்டோம் தம்பி. வெடிச்ச காத்து அது வழியாவே போயிடும், கல்லு அசையாது" என்றார்.

போவதானால் காலையிலோ மாலையிலோ போங்கள். சாய்ந்த வெயிலில்தான் விரிசல் முகத்தில் இறகு விரிந்த மாதிரியான மெல்லிய வரிகள் தெரியும். அவை விரியும் பக்கம் பார்த்தால் பிளவு எங்கே தொடங்கி எப்படி ஓடியது என்று பிடித்துவிடலாம். உச்சி வெயிலில் எல்லாம் வெறும் கறுப்பு.