பிரமிளா ஜெயபாலின் மசோதாவை நான் ஏன் படித்தேன்

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். கேஷ்லெஸ், அதாவது பில்லை இன்ஷூரன்ஸ் கம்பெனியே நேரடியாகக் கட்டும் வசதி கேட்டு வருபவர்களுக்கு ப்ரீ-ஆத் என்ற முன் அனுமதி விண்ணப்பம் அனுப்புவது, கம்பெனி கேட்கும் க்வெரிக்கு (விளக்கக் கேள்விக்கு) டாக்டரிடம் பதில் எழுதி வாங்குவது, டிஸ்சார்ஜ் அன்று ஃபைனல் அப்ரூவல் வராமல் தவிக்கும் குடும்பத்துக்குச் சமாதானம் சொல்வது, இதுதான் என் வேலை. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் பிரமிளா ஜெயபால், எல்லோருக்கும் அரசே மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று கொண்டுவந்த மசோதா எனக்கு முக்கியமாகப் பட்டதற்கு இதுவே காரணம். நம்ம ஊரில் பிறந்தவர் என்ற பெருமை அப்புறம்தான்.

அதையும் சொல்லிவிடுகிறேன். 1965-ல் சென்னையில், மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். வளர்ந்தது பெரும்பாலும் இந்தோனேசியாவிலும் சிங்கப்பூரிலும். வங்கியில் இருந்த சுமார் 5,000 டாலரைத் திரட்டி, 16 வயது மகளைத் தனியாக ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள் பெற்றோர். 1986-ல் பட்டம், வால் ஸ்ட்ரீட்டில் கொஞ்ச காலம் வேலை, 1990-ல் எம்.பி.ஏ. பிறகு பணம் கொழிக்கும் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, சியாட்டிலில் பொதுச் சுகாதார அமைப்பு ஒன்றில் சேர்ந்துவிட்டார். அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது 2000-ல்தான்.

அடுத்த ஆண்டே செப்டம்பர் 11 தாக்குதல். சீக்கியர்களும் அரபு மக்களும் முஸ்லிம்களும் தெருவில் தாக்கப்பட்டபோது அவர் தொடங்கியதுதான் 'ஹேட் ஃப்ரீ ஸோன்' அமைப்பு. பின்னாளில் அதன் பெயர் 'ஒன் அமெரிக்கா'. சோமாலியர்களை நாடு கடத்தும் முயற்சியை எதிர்த்து அமெரிக்க அரசு மீதே வழக்குப் போட்டார்கள். குடியுரிமை வாங்கி ஓரிரு ஆண்டுகளே ஆன நிலையில் ஒரு பெண் இதைச் செய்தார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் பிரமிப்பாக இருக்கிறது. நகரத்தின் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக்க வழி தேடிய மேயரின் குழுவிலும் இருந்தார். 2014-ல் சியாட்டில் அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த ஆண்டே மாநில செனட்டுக்குப் போட்டியிட்டு ஜெயித்தார். 2016-ல் வாஷிங்டன் மாநிலத்தின் 7-வது தொகுதியிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் அவைக்கு. சியாட்டில் நகரத்தின் பெரும்பகுதி அந்தத் தொகுதிக்குள் வரும். அந்த அவையில் உட்கார்ந்த முதல் இந்திய வம்சாவளிப் பெண் இவர்தான்.

சரி, மசோதாவுக்கு வருகிறேன். 2019 பிப்ரவரியில் 'மெடிகேர் ஃபார் ஆல்' மசோதாவை அவையில் கொண்டுவந்தார். மெடிகேர் என்பது அங்கே 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இருக்கும் அரசுக் காப்பீடு. அதை எல்லோருக்கும் விரிக்க வேண்டும் என்பது மசோதா. பிரீமியம் கிடையாது, ஒவ்வொரு சிகிச்சைக்கும் நோயாளி தன் பங்காகக் கட்டும் கோ-பே கிடையாது, முதலில் இவ்வளவு கையிலிருந்து கட்டு என்ற நிபந்தனையும் கிடையாது. பல், கண், காது, மனநலம், முதியோரின் நீண்டகாலப் பராமரிப்பு எல்லாம் உள்ளே வரும். இரண்டே ஆண்டுகளில் மாற்றம் முடிய வேண்டும். முதலாண்டில் குழந்தைகளும் 55 வயதைத் தாண்டியவர்களும் சேர்க்கப்படுவார்கள்.

எல்லாரும் பேசுவது இந்தப் பகுதியைப் பற்றித்தான். என் கண் நின்றது வேறொரு இடத்தில். மருத்துவமனைகளுக்குத் தனித்தனி பில்லுக்குப் பணம் கொடுக்காமல், ஆண்டு பட்ஜெட் ஒன்றைப் பேசி முடிவு செய்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கொடுத்துவிடுவது என்று எழுதியிருக்கிறார்கள். இந்த ஒரு ஏற்பாடு வந்தால் என்னைப் போன்றவர்கள் செய்யும் வேலையில் பெரும்பகுதி தேவைப்படாது. ரூம் வாடகை வரம்பைத் தாண்டிவிட்டது என்று மொத்த பில்லிலும் விகிதாசாரமாகக் கழிப்பது, கையுறைக்கும் பஞ்சுக்கும் பணம் தரமாட்டோம் என்பது, மாலை ஆறு மணிக்கு ஒரு புதுக் க்வெரி போட்டு நோயாளியை இன்னொரு இரவு படுக்க வைப்பது, இதற்கெல்லாம் வேலை இருக்காது. போன மாதம் ஒரு ஆட்டோ ஓட்டுநர் அண்ணன், மகள் வேலை செய்யும் கம்பெனி பாலிசியில் பைபாஸ் செய்துகொண்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழித்த தொகைக்காக அந்தப் பெண் என் மேசை முன்னால் நின்று நகைக்கடன் கடைக்குப் போன் போட்டது. எனக்கு அந்த மசோதாவின் பக்கங்கள்தான் ஞாபகம் வந்தன.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது விசித்திரமான யோசனை இல்லை. சென்ட்ரல் எதிரே இருக்கும் ஜி.ஹெச்.சில் யாரும் பில் கேட்பதில்லை. முதல்வர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. ஆனால் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத்தான். ஜி.ஹெச். கூட்டத்துக்குப் பயந்து தனியாருக்கு வந்துவிட்டு, அந்தத் திட்டத்துக்குள்ளும் வராமல் நடுவில் நிற்கிறவர்களைத்தான் நான் தினமும் பார்க்கிறேன்.

அமெரிக்காவில் அந்த மசோதா முதல் முறையே நூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் ஆதரவைப் பெற்றது. 2019 ஏப்ரலில் அவைக் குழு ஒன்று அதைப் பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டமே நடத்தியது. ஓட்டெடுப்பு வரை இன்றும் போகவில்லை. தேர்தலுக்குப் பின் புதிய அவை கூடும்போதெல்லாம் மறுபடி தாக்கல் செய்கிறார். இதை வீண் வேலை என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. 2022-ல் வந்த சட்டத்தின்படி, மெடிகேரில் இருப்பவர்களுக்கு இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகக் கூடாது; சில மருந்துகளுக்கு அரசே விலை பேசலாம். பெரிய கோரிக்கையை யாராவது மேசை மீதே வைத்திருந்தால்தான் சின்னது நகரும் என்று நம்புகிறேன்.

அவருடைய இன்னொரு மசோதாவும் எனக்குப் பிடித்தது. 2019 ஜூலையில் வீட்டு வேலைத் தொழிலாளர்களின் உரிமைகளுக்காக, அவையில் இவரும் செனட்டில் கமலா ஹாரிஸும் ஒரே நேரத்தில் கொண்டுவந்தது. ஒருவர் சென்னையில் பிறந்தவர், இன்னொருவரின் தாத்தா வீடு பெசன்ட் நகரில். எழுத்தில் ஒப்பந்தம், உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு, ஓவர்டைம், தொந்தரவிலிருந்து பாதுகாப்பு என்று போகிறது. 1930-களின் தொழிலாளர் சட்டங்கள் வீட்டு வேலைக்காரர்களை வெளியே நிறுத்திய அநியாயத்தைச் சரிசெய்யும் முயற்சி அது.

2021-ல் தன் ஜனநாயகக் கட்சியின் முற்போக்கு உறுப்பினர்களின் குழுவுக்குத் தலைவராக அவர் பட்ட பாடும் சொல்ல வேண்டியது. சாலை, பாலங்களுக்கான மசோதா தயாராக இருந்தது. குழந்தைகள், முதியோர் பராமரிப்புக்கான மசோதாவும் கூடவே வர வேண்டும் என்று வாரக்கணக்கில் ஓட்டெடுப்பைத் தடுத்து நிறுத்தினார். நவம்பரில், அதே கட்சியின் மிதவாத உறுப்பினர்கள் எழுத்தில் உறுதி கொடுத்த பிறகே விட்டுக்கொடுத்தார். பிரதிநிதிகள் அவை வாக்கைக் காப்பாற்றியது. செனட்டில் அதே கட்சியைச் சேர்ந்த ஜோ மான்சின் டிசம்பரில் கைவிரித்தார். ஏமாந்துவிட்டார் என்றார்கள். ஆனால் அவ்வளவு காலம் பிடித்து வைத்திருக்காவிட்டால் அந்த இரண்டாவது மசோதா பிரதிநிதிகள் அவையைக்கூடத் தாண்டியிருக்காது என்பது என் எண்ணம்.

2019 டிசம்பரில் காஷ்மீரில் தகவல் தொடர்புத் தடையை நீக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தபோது, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவரை உரிமை கொண்டாடியவர்கள் பலர் மௌனமானார்கள். வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர், பிரமிளா இருப்பார் என்பதால் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுடனான சந்திப்பையே ரத்து செய்தார். சியாட்டில்காரர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய உறுப்பினர் அவர். நம் சௌகரியத்துக்கு ஏற்றபடிதான் பேச வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

இதையெல்லாம் படித்த பிறகு நம் எம்.பி.க்களின் தனிநபர் மசோதாக்களை, அதாவது அமைச்சராக இல்லாத எம்.பி. தானாகக் கொண்டுவரும் மசோதாக்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். 1970-க்குப் பிறகு அப்படி ஒன்றுகூடச் சட்டமானதில்லை. ஆனாலும் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியது. அதற்கு முன் 45 ஆண்டுகளாக எந்த அவையிலும் நடக்காதது அது. மக்களவையில் அது தேங்கிவிட்டது, 2019-ல் அரசே தன் பங்குக்கு வேறொரு சட்டம் கொண்டுவந்தது. வடசென்னை, மத்திய சென்னை, தென்சென்னை என்று மூன்று எம்.பி.க்கள் நமக்கு. டிஸ்சார்ஜ் அன்று அப்ரூவலுக்காக நோயாளியைக் காக்கவைக்கக் கூடாது என்று ஒரே ஒரு பக்கத்தில் மசோதா எழுதி, தனிநபர் மசோதாக்களுக்கு ஒதுக்கிய வெள்ளிக்கிழமை மதியத்தில் வைக்கச் சொல்லி என் தொகுதி எம்.பி.க்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் டெஸ்க்கில் நடப்பதையும் எனக்கு எழுதி அனுப்புங்கள், கடிதத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.