ஐதானா பொன்மத்தி: வெளிச்சம் படாத ஏழு வருடம்

உலகின் சிறந்த கால்பந்து வீராங்கனைக்குக் கொடுக்கும் பலோன் தோர் விருதை 2023, 2024, 2025 என வரிசையாக மூன்று முறை வாங்கியவர் ஸ்பெயினின் ஐதானா பொன்மத்தி. அதைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். 2012-ல் பார்சிலோனா கிளப்பின் சிறுமியர் பிரிவில் சேர்ந்ததற்கும், 2019 வாக்கில் முதல் அணியில் நிலையான இடம் பிடித்ததற்கும் நடுவில் ஏழு வருடம் கிடக்கிறது. அதைப் பேசத்தான் ஆள் இல்லை. நடு மைதானத்தில் ஆடும் மிட்ஃபீல்டர் எப்படி உருவாகிறார் என்பது அந்த ஏழு வருடத்தில்தான் இருக்கிறது. பதினாறு வயதுப் பெண்ணை சீனியர் அணியில் இறக்கிவிடத் துடிக்கும் கோச்சுகளும், “எங்க பொண்ண இன்னும் ஏன் எடுக்கல?” என்று கேட்கும் பெற்றோரும் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

1998 ஜனவரியில் பிறந்தவர். வளர்ந்தது பார்சிலோனாவுக்குத் தென்மேற்கே, கடலோரத்தை ஒட்டிய சான்ட் பெரே தெ ரிபெஸ் என்ற சிற்றூரில். அப்பா, அம்மா இருவரும் கத்தலான் மொழி, இலக்கிய ஆசிரியர்கள். பிள்ளையின் பெயரில் தாயின் குடும்பப் பெயர் முதலில் வர வேண்டும் என்று ஸ்பெயினில் போராடியவர்கள். 1999-ல் சட்டம் மாறியது. பொன்மத்தி என்பது அம்மா பெயர். பெண் பிள்ளை பந்தாடுவதை அந்த வீடு எப்படிப் பார்த்திருக்கும் என்பதற்கு இது போதும்.

முதலில் கூடைப்பந்து. ஏழு வயதில் ஊர் கிளப்பான ரிபெஸில் கால்பந்து, அடுத்து பக்கத்து ஊர் குபெயெஸ் கிளப். இரண்டிலும் பையன்களோடுதான் ஆட்டம். ஸ்பெயினில் சுமார் 12 வயதுவரை ஏழு பேர் ஆட்டம். மைதானம் 50 முதல் 65 மீட்டர் நீளம், 30 முதல் 45 மீட்டர் அகலம். அந்த இடத்துக்குள் பந்து காலுக்கு வந்துகொண்டே இருக்கும், யாராவது ஒருவன் இடிக்க வந்துகொண்டே இருப்பான். உடம்பில் சிறிய பிள்ளைக்கு அங்கே தப்ப ஒரே வழி, பந்து வருவதற்கு முன்பே அடுத்ததை முடிவு செய்வது. ஐதானாவின் உயரம் இன்றும் ஏறக்குறைய 1.6 மீட்டர்தான். அவருடைய ஆட்டத்தின் வேர் அங்கே இருக்கிறது என்பது என் கருத்து.

இதைக் கேட்டுவிட்டு “பெண்ணைப் பையன்களோடு விடு, தானாக வரும்” என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பையன்களுக்கு நடுவே ஒரே பெண் என்றால், பல கோச்சுகள் அவளைக் கொண்டுபோய் விங்கில் ஓரமாக நிறுத்திவிடுகிறார்கள். பந்து வருவதே இல்லை, கற்றுக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. நடு மைதானத்தில் நிறுத்தினால்தான் பலன்.

பையன்களோடு ஆடும் வயது முடிந்ததும் 2012-ல் பார்சிலோனா. பயிற்சிக்குப் பொதுப் போக்குவரத்தில்தான் பயணம், கூடவே அப்பா. பார்சிலோனாவின் விடுதியான லா மாசியாவில் பெண்களுக்கு இடமே கிடையாது அப்போது. 2021-ல்தான் கதவு திறந்தது. பள்ளி, பயணம், பயிற்சி, மறுபடி பயணம் என்று ஓடும் பிள்ளைக்கு முதலில் அடிவாங்குவது தூக்கமும் சாப்பாடும். இந்த வயதில் திறமை இருந்தும் காணாமல் போகிற பெண்களில் பலர் ஆட்டத்தில் தோற்றுப் போனவர்கள் அல்ல, இந்தப் பயணத்தில் தோற்றவர்கள்.

அடுத்து பதினொரு பேர் ஆட்டத்தின் சிக்கல். மைதானம் ஏறக்குறைய 100 மீட்டருக்கு நீள்கிறது. பந்தும் நாலாம் நம்பரிலிருந்து ஐந்தாம் நம்பருக்குப் போகிறது: எடை 350–390 கிராமிலிருந்து 410–450 கிராம். 20 மீட்டர் பாஸ் நேற்றுவரை போய்ச் சேர்ந்தது, இன்று பாதி வழியில் செத்துவிடும். இந்தக் கட்டத்தில் பல மிட்ஃபீல்டர்கள் பந்துக்குப் பின்னால் ஓட ஆரம்பித்துவிடுவார்கள், நிறைய ஓடுவதைப் பார்த்துக் கோச்சும் கைதட்டுவார். அது தப்பான பழக்கம். பந்தைத் துரத்துகிற மிட்ஃபீல்டர் தன் இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போகிறார்.

பார்சிலோனாவில் இதற்குச் சொல்லித்தருவது பந்தை வாங்கும் விதம். பந்து சக ஆட்டக்காரரின் காலில் இருக்கும்போதே தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை. பாஸ் கிளம்பி வந்துகொண்டிருக்கும்போது இன்னொரு பார்வை, ஏனென்றால் முதல் பார்வைக்குப் பிறகு எதிராளி நகர்ந்திருப்பார். உடம்பு பாதி திரும்பி நிற்க வேண்டும். பந்தை முன்காலைத் தாண்டவிட்டுத் தள்ளி இருக்கும் காலால் வாங்க வேண்டும். அப்படி வாங்கினால் முதல் டச்சிலேயே முகம் எதிரணிக் கோலைப் பார்த்துவிடும். பக்கத்துக் காலால் வாங்கினால் உடம்பு மூடிக்கொள்ளும். பின்னால் தட்டிவிடுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

பழக்குவதற்கு ரோண்டோ. 10 மீட்டர் சதுரம், வெளியே பந்தைச் சுற்றவிடும் ஐந்து பேர், உள்ளே அதைப் பறிக்கப் பார்க்கும் இரண்டு பேர், இரண்டு டச்சுக்கு மேல் கூடாது. நம் ஊர் மைதானங்களிலும் இதை ஆடுகிறார்கள், ஆனால் வார்ம்-அப் விளையாட்டாக. இருபது பாஸ் வந்ததா என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். எண்ண வேண்டியது பாஸை இல்லை. உள்ளே இருக்கும் இருவருக்கும் நடுவே புகுந்த பாஸ் எத்தனை, பந்து வருமுன் தலை திரும்பியதா, இவைதான் கணக்கு. சதுரம் பெரிதாகிவிட்டால் தலையைத் திருப்பாமலே சமாளித்துவிடலாம், பயிற்சி வீண்.

முதல் அணிக்காக 2016 ஜூனில், ஸ்பெயினின் ராணி கோப்பை போட்டியில் இறங்கினார். வயது 18. அப்படியே நிலைத்துவிடவில்லை. அதற்குப் பிறகும் கிளப்பின் இரண்டாம் அணியான பி அணிக்காக ஆடினார், 2017–18-ல் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். இங்கே ஓர் ஒப்பீடு கட்டாயம் வேண்டும்: பாத்ரி கிகார்ரோ. ஐதானாவைவிட நான்கு மாதம் இளையவர், அவரும் மிட்ஃபீல்டர். 2015-லேயே பார்சிலோனா முதல் அணிக்கு வந்துவிட்டார். காரணம் எளிது. மயோர்க்கா தீவின் கொயெரென்ஸே கிளப்பில், பள்ளி வயதிலேயே முதல் பிரிவு லீகில் பெரியவர்களோடு ஆடியவர் பாத்ரி. ஐதானா வந்தது வயதுப் பிரிவு அணிகளின் ஏணி வழியாக. ஒருவர் வேகமாக வந்தார், ஒருவர் மெதுவாக வந்தார், இன்று இருவரும் உலகத்தரம். ஆகவே வயதை வைத்துக் கணக்குப் போடுவதில் பொருள் இல்லை. வாரம் ஒரு முழு ஆட்டமாவது கிடைக்கிறதா என்று பாருங்கள். முதல் அணியோடு பயிற்சி எடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் கடைசி ஐந்து நிமிடத்துக்குக் காத்திருப்பதுதான் 18 வயது மிட்ஃபீல்டருக்கு நடக்கக்கூடிய மோசமான விஷயம். 70-ஆவது நிமிடத்தில் கால் சோர்ந்தபோது எடுக்கும் முடிவை பயிற்சி மைதானத்தில் கற்க முடியாது. பி அணி அந்த நிமிடங்களைக் கொடுக்கும்.

ஸ்பெயின் இளையோர் அணிகளும் கொடுத்தன. 2014-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதியில் ஜப்பானிடம் 2-0 தோல்வி. 2015-ல் ஐஸ்லாந்தில் அதே வயதுப் பிரிவு ஐரோப்பியப் பட்டம், 2017-ல் 19 வயதுப் பிரிவுப் பட்டம். 2018-ல் 20 வயதுப் பிரிவு உலகக் கோப்பை காலிறுதியில் நைஜீரியாவை 2-1 என வென்றபோது ஒரு கோல் ஐதானாவுடையது, இன்னொன்று பாத்ரியுடையது. இறுதியில் மீண்டும் ஜப்பான், 3-1 தோல்வி.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அவர் முதல் அணியில் நுழைந்த காலம் பார்சிலோனாவுக்கு நல்ல காலம் இல்லை. 2017, 2018, 2019 மூன்று லீகும் அத்லெதிகோ மாட்ரிட் கைக்குப் போயின. பார்சிலோனா மகளிர் அணி தொழில்முறை ஆனதே 2015-ல். லீகுக்கு ஊதிய ஒப்பந்தம் கிடைத்தது 2019 நவம்பரில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகு, 2020-ல்: முழுநேரத்துக்கு ஆண்டுக்குக் குறைந்தது 16,000 யூரோ. உடற்பயிற்சியாளர், உணவு ஆலோசகர், உளவியலாளர் என்று தனியாக ஆள் வைத்துக்கொண்டதை ஐதானாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தச் சம்பளக் காலத்தில் அந்தச் செலவு எவ்வளவு பெரிய முடிவு என்று யோசித்துப் பாருங்கள்.

2019 ஜனவரியில் யூயிஸ் கோர்தெஸ் கோச்சாக வந்தார். அந்த மே மாதம் புடாபெஸ்ட்டில், ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் இறுதி: பிரான்ஸின் லியோன் அணி 30 நிமிடத்துக்குள் நான்கு கோல் அடித்துவிட்டது. லியோனின் அதா ஹெகர்பர்க் மட்டும் 16 நிமிட இடைவெளியில் மூன்று. பாஸில் பார்சிலோனா குறைந்துவிடவில்லை. ஓட்டத்திலும் மோதலிலும்தான் இடைவெளி தெரிந்தது. அதற்குப் பின் உடற்பயிற்சியில் அணி காட்டிய தீவிரத்தின் பலன் 2021 மே 16, கோத்தன்பர்க்கில் தெரிந்தது. சாம்பியன்ஸ் லீக் இறுதியில் இங்கிலாந்தின் செல்சிக்கு எதிராக 36 நிமிடத்தில் நான்கு கோல். 20-ஆவது நிமிடத்தில் சக ஆட்டக்காரர் அலெக்சியா புதேயாஸ் கொடுத்த பாஸை வாங்கி மூன்றாவது கோலை அடித்தவர் ஐதானா, ஆட்ட நாயகியும் அவரே. வயது 23.

மிட்ஃபீல்டில் ஆடும் பெண்களுக்கு இந்த ஆட்டத்தின் முதல் 40 நிமிடத்தைப் போட்டுக் காட்டுங்கள். பந்தைப் பார்க்க வேண்டாம், ஐதானாவின் 14-ஆம் நம்பரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை பந்து அவரிடம் வருமுன் தலை எத்தனை முறை திரும்புகிறது என்று நோட்டில் கோடு போடச் சொல்லுங்கள். மறுநாள் ரோண்டோவில் அதே கணக்கை அவர்களுக்கு எடுங்கள்.