தி.ஜானகிராமனை எதிலிருந்து படிப்பது?

நாவலாசிரியர் தி.ஜானகிராமனை (தி.ஜா.) புதிதாக வாசிக்க வருகிறவர்கள் கையில் முதலில் 'மோகமுள்'ளைத்தான் கொடுப்பார்கள். 600 பக்கத்தைத் தாண்டும் நாவல். சுதேசமித்திரன் பத்திரிகையில் தொடராக வந்தது, அதனால் நிதானமாகத்தான் நடக்கும். நூறு பக்கத்தில் மூடி வைத்தவர்கள் ஏராளம். 'அம்மா வந்தாள்' (1966) அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. அதிலிருந்து தொடங்குங்கள்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். தி.ஜா. என்றாலே 'முறை தவறிய உறவுகளை எழுதியவர்' என்று ஒரு பேச்சு உண்டு. அந்தக் கண்ணோடு படித்தால் பாதி நாவல் கையை விட்டு நழுவிவிடும். அவருடைய கதைகளில் ஆசை வண்டியைக் கிளப்பிவிடும், அவ்வளவுதான். அதற்கப்புறம் ஓட்டுவது, யார் யாருக்கு என்ன கடன் பட்டிருக்கிறார்கள் என்கிற கணக்கு.

'அம்மா வந்தாள்' அலங்காரத்தம்மாளையே பாருங்கள். கணவர் தண்டபாணி இருக்கும் வீட்டுக்கே அவளுடைய காதலர் சிவசு வந்து போகிறார். தண்டபாணிக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். அலங்காரம் மறைக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. ஆனால் மகன் அப்புவைச் சின்ன வயதிலேயே காவிரிக்கரை வேதபாடசாலையில் கொண்டுபோய் விட்டிருக்கிறாள். தன் பாவத்தைக் கரைக்க அவன் வேதம் கற்று ரிஷியாக வேண்டும். அவள் கடனை அவன் அடைக்க வேண்டும், அதுவும் அவனுக்கே தெரியாமல். இது புரிந்துவிட்டால் அப்புவின் கோபம் ஏன் முழுசாக வெடிப்பதே இல்லை என்பதும் புரியும்.

இதில் பலரும் தாண்டிப்போகிற இடம் தொடக்கத்திலேயே இருக்கிறது. படிப்பு முடிந்து அப்பு சென்னையில் இருக்கும் வீட்டுக்குக் கிளம்பும் நேரம். பாடசாலையை நடத்தும் பவானியம்மாளின் உறவுப் பெண் இந்து, விதவை, அவனிடம் தன் மனசைச் சொல்கிறாள். அவன் அம்மாவை இழுத்துப் பேசி விலகுகிறான். அப்போது அவள் அவனுடைய அம்மாவைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறாள். ஆத்திரத்தில் வந்த வார்த்தை என்று கண் ஓடிவிடும். ஓடவிடாதீர்கள். சென்னைப் பகுதி முழுக்க அந்த ஒரு பேச்சில்தான் தொங்குகிறது: அப்பு வீட்டுக்குள் நுழையும்போதே பாதி தெரிந்தவனாகத்தான் நுழைகிறான். கடைசியில் அம்மா பாடசாலைக்கே வந்து, அவனும் தன்னைப் போலத்தான், அம்மா பிள்ளைதான் என்று கண்டுகொண்டு, காசிக்குக் கிளம்புகிறாள். கணக்கைத் தீர்க்கப் பிள்ளை உதவமாட்டான் என்று ஆனபிறகு அவளுக்கு வேறு வழி என்ன?

இன்னொரு இடைஞ்சல் உரையாடல். தி.ஜா. 'என்றான்', 'என்றாள்' எல்லாம் அதிகம் போடமாட்டார். பத்துப் பன்னிரண்டு வரி வெறும் பேச்சாகவே ஓடும், யார் பேசுகிறார்கள் என்று ஒரு கட்டத்தில் குழம்பும். கடைசியாகப் பெயர் வந்த வரிக்குப் போய் அங்கிருந்து மாறி மாறி எண்ணிக்கொண்டு வாருங்கள். அதைவிட நல்ல வழி, வாய்விட்டுப் படிப்பது. தஞ்சாவூர்ப் பேச்சு, காதில் விழுந்தால் ஆள் யாரென்று தானே தெரிந்துவிடும். யார் யாரை 'நீ' என்கிறார்கள், எந்த வரியில் அது 'நீங்க' ஆகிறது என்பதையும் கவனியுங்கள். உறவு நகர்ந்த இடத்தை அவர் பெரும்பாலும் இப்படித்தான் காட்டுவார், விளக்கம் எழுதமாட்டார்.

அடுத்தது 'செம்பருத்தி'. இவருடைய நாவல்களில் எனக்கு முதலிடம் இதற்குத்தான், 'மோகமுள்' ரசிகர்கள் சண்டைக்கு வரட்டும். சட்டநாதன் கடை வைத்திருப்பவன். அண்ணன்மார் குடும்பங்களின் பாரமெல்லாம் அவன் தலையில். இளம் வயதில் அவனை விரும்பிய குஞ்சம்மாள் இப்போது சின்ன அண்ணி, அதுவும் விதவையாக. இதை மனைவி புவனாவிடம் அவன் ஒளிக்கவில்லை. அவளும் பெருந்தன்மையாகவே ஏற்றுக்கொள்கிறாள். பல வருஷம் கழித்து, மாதவிடாய் நிற்கும் பருவத்தில், அந்தப் பழைய உண்மையே சந்தேகமாகத் திரும்பி வந்து அவளை ஆட்டிவைக்கிறது. 'திடீரென்று புவனா ஏன் இப்படி ஆனாள்?' என்று கேட்பவர்கள் முன்பாதியை வேகமாகப் புரட்டியவர்கள். நல்லவள் என்ற பெயரைக் காப்பாற்ற அவள் விழுங்கிய ஒவ்வொன்றும் அங்கே இருக்கிறது. பெரிய அண்ணியின் நாக்கைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

மூன்றாவதாக 'மோகமுள்'. பாபுவுக்கும் அவனைவிடப் பத்து வயது மூத்த யமுனாவுக்கும் நடுவில் என்ன ஆகும் என்று மட்டும் பார்த்துக்கொண்டு, பாபுவின் சங்கீத குரு ரங்கண்ணா வரும் அத்தியாயங்களைத் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ராகம் தெரியவேண்டியதில்லை, ஆனால் தள்ளாதீர்கள். பாபு தன்னைத் தானே விசாரித்துக்கொள்கிற இடம் பாட்டுதான். தங்கம்மாளின் சாவையும் அதோடு சேர்த்துப் படிக்கவேண்டும். கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட அந்தப் பெண்ணுக்கு அவன் பட்ட கடன் எதனாலும் தீராது. யமுனாவும் சும்மா காத்திருக்கும் நாயகி அல்ல. அய்யர் அப்பா, மராட்டிய அம்மா என்பதாலேயே வந்த வரனெல்லாம் தட்டிப்போகிறது. கடைசியில் அவள் பாபுவிடம் இதற்காகத்தானா என்று கேட்கும்போது பின்னால் அத்தனை வருஷமும் நிற்கிறது.

'மரப்பசு'வை (1975) அவசரப்பட்டு எடுக்காதீர்கள். அம்மணியே தன் கதையைச் சொல்கிறாள். கல்யாணம் வேண்டாம், யாரையும் தொடலாம் என்பது அவள் கொள்கை. அவளை மறுத்துப் பேச ஆள் போதாததால் பல பக்கங்கள் பிரசங்கமாகிவிடுகின்றன. வீட்டு வேலைக்கு வரும் மரகதம்தான் நாவலைக் கொஞ்சம் தரையில் நிறுத்துகிறாள்.

'நளபாக'த்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். யாத்திரை ரயிலில் சமைக்கும் காமேச்வரனை, வம்சம் தழைக்காத தன் வீட்டுக்கு ரங்கமணி அழைத்துப் போகிறாள். ஏன் அழைத்தாள் என்பதை ஊர் ஒரு மாதிரிப் புரிந்துகொள்கிறது, காமேச்வரன் வேறு மாதிரி. 'அம்மா வந்தாள்' படித்துவிட்டு வந்திருந்தால் ரங்கமணியின் கணக்கு உங்களுக்குச் சட்டென்று பிடிபடும்.